எச்சில் பட்ட ஹெட்போன்

ஜனவரி 9

தம்பிக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்த வேகத்தில் மூடி, துணி காயப்போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியாகிவிட்டது. இன்னும் விரலை மூக்குப் பக்கம் கொண்டுபோக முடியவில்லை.

நான் உனக்கு இரவல் கொடுத்தது ஒரு ஹெட்போன். நீ திருப்பி அனுப்பியிருப்பதற்கு என்ன பெயர் என்று நீயே சொல். காது மெத்தை இரண்டும் பிசுபிசுக்கின்றன. விரலை வைத்தால் தோல் கூடவே எழும்புகிறது. இடது மெத்தை அப்பளமாக நசுங்கிக் கிடக்கிறது. அதன் கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வழிந்து, காய்ந்து, செதில் செதிலாக நிற்கிறது. உள்ளே வலைத்துணியில் காதுக்குறும்பி. தலைப்பட்டையின் அடியில் பொடுகு. தையல் இடுக்கில் கம்பி கம்பியாக நரைமயிர். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தேன்.

அந்த ஹெட்போன் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஒலிப்பதிவு செய்யும் இடத்தில் உடைசல் என்று வீசியதைப் பழைய சாமான் கடையில் பொறுக்கினேன். சீட் கவர் தைக்கிற பொம்பளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கடைக்காரனே கேட்டான். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிரித்தேன், கெடுத்தேன், மறுபடி பிரித்தேன். காதை மூடுகிற கிண்ணத்துக்குள் கம்பளித் துணியைக் கால் அங்குலம் கூட்டி, அரை அங்குலம் குறைத்து, பாட்டுக்காரி பல்லவிக்கு முன்னால் மூச்சு இழுப்பது தனியாகக் கேட்கும்வரை விடவில்லை. செம்மறித் தோலில் மெத்தை தைத்தேன். வயரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி இடது கிண்ணத்தில் துளை போட்டுச் சாக்கெட் வைத்தேன். அது கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. இன்னொன்று கேட்டால் என்னாலேயே செய்ய முடியாது.

ஒன்று கேட்கிறேன். தலைப்பட்டையில் இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கப் பல் இருக்கிறது அல்லவா? உனக்கு நான் அனுப்பியபோது முதல் பல்லில் வைத்து அனுப்பினேன். உன் தலை அவ்வளவுதான். ஐம்பது வயதிலும் உனக்குத் தொப்பி வாங்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற கடைக்குத்தான் போக வேண்டும். இப்போது பட்டை கடைசிப் பல்லில் நிற்கிறது. பல் தேய்ந்தும் இருக்கிறது. யாருடைய தலை அது?

போன் பண்ணாதே. போனில் சிரித்துச் சிரித்துச் சமாளித்துவிடுவாய். எழுது.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவள், "அண்ணி கடிதம் எழுதினாலே நம்ம வீட்டை ஒருதரம் கூட்டிப் பெருக்கணும்னு தோணுது" என்றாள். மன்னித்துக்கொள். துடைத்துத்தான் அனுப்பினேன். ஈரத்துணியால் துடைத்தது போதவில்லை போலிருக்கிறது.

முடி கொட்டுகிறது என்று ஒரு தைலம் தேய்த்துக்கொள்கிறேன். அதுதான் பிசுபிசுப்பு. படுத்துக்கொண்டே கேட்டேன். அதனால் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நரை எனக்கும் வந்துவிட்டது அக்கா. நீதான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. பட்டையை என்னைப் பார்க்க வந்த ஒருவர் போட்டுப் பார்த்தார், அப்போது இழுத்திருப்பார்.

நம் வீட்டுப் பின்னறைச் சுவரை ஒட்டித் தகரப் பட்டறை வந்ததைத்தான் முன்பே எழுதியிருந்தேனே. காலையிலிருந்து தட்டுகிறான். என் ஜெராக்ஸ் கடையில் இருக்கும்வரை எனக்குத் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்கு மண்டை பிளக்கிறது. உன் ஹெட்போனைப் போட்டால் மட்டும்தான் அந்தச் சத்தம் அடங்கியது.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சுத்தம் செய்து முடித்ததும் இன்னும் கொஞ்ச நாளைக்கு அதை அனுப்ப முடியுமா? இந்தத் தடவை நானே பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
தம்பி


ஜனவரி 22

தம்பிக்கு,

உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலேயே வராது. பொய் சொல்லும்போது காரணத்தை அடுக்குவாய். உண்மை சொல்கிறவனுக்கு ஒரு காரணம் போதும்.

உன் கடிதம் வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. மெத்தையின் தையலைப் பிரித்தேன். தோலைத் துடைத்துவிடலாம், உள்ளே இருக்கும் பஞ்சுக்கு ஏறியதைத் துடைக்க முடியாது. பஞ்சை வெளியே இழுத்த உடனே அந்த வாடை எழும்பி வந்தது. மருந்து வாடைக்கு அடியில், தைல வாடைக்கு அடியில், ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்த துணி மாதிரி, அதில் கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு மாதிரி. அந்த வாடை வந்த தலையணை உறையைக் கல்யாணமான மறுநாள் தொடங்கி அவன் போன நாள்வரை துவைத்தவள் நான். எந்த ஊரில், எந்தப் பெட்டிக்குள் வைத்து நீட்டினாலும் எனக்குத் தெரியும்.

என் கையில் இருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டேன். கடையில் வேலை செய்கிற பெண் ஓடிவந்து, "என்னக்கா, பூரானா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அந்த ஆள் உன் வீட்டில் இருக்கிறான். என் ஹெட்போன் அவன் தலையில் இருந்திருக்கிறது. என் மெத்தையில் அவன் எச்சில் வழிந்திருக்கிறது. அந்த வெள்ளைச் செதில் எச்சில்தானே? அதை நான் நகத்தால் சுரண்டினேன், தம்பி. என் நகத்தால்.

அவன் யார் என்று மறந்துவிட்டாயா? கடைச் சாவியால் காதைக் குடைந்துவிட்டு, அதே சாவியால் கடையைத் திறந்து, அதை என் கையில் கொடுப்பான். அது போகட்டும். ஊர் முழுக்க, "எம் பொண்டாட்டி காதுல சட்டியக் கவுத்துக்கிட்டா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா" என்று சிரிப்பான். அதுவும் போகட்டும். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து, ரெக்சின் வெட்டுகிற கத்தரிக்கோலால் வயரை வெட்டினான். பாட்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். "இப்ப கேக்குதா?" என்றான். கேட்டது. அதற்குப் பிறகு வேறொருத்தி வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் நன்றாகவே கேட்டது.

அந்த வயரைப் பற்றவைக்கத்தான் நான் ஈயமும் சூட்டுக்கோலும் வாங்கினேன். விரல் சுட்டுச் சுட்டுப் பழகினேன். அந்த ஹெட்போனை அவன் காதில் வைத்திருக்கிறாய்.

இருக்கிறானா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது. காரணம் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறார்.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியைப் படிப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

மழைக்காலம் முடியும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாமாவுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டுவிட்டன. வாயும் கோணிவிட்டது. சேர்த்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. கூட இருந்தவள் துணிப்பையை வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். அவர் என் கடைப் பெயரைச் சொல்லியிருக்கிறார். கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற நர்ஸ் ஒருத்தி பெயரை அடையாளம் கண்டு போன் பண்ணினாள். போய்ப் பார்த்தேன். வராந்தாவில் போட்டிருந்தார்கள். அப்படியே விட்டுவிட்டு வர எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான். அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை.

பின்னறையில் படுக்கவைத்தோம். வந்த மறுநாள் பட்டறைக்காரன் தகரம் தட்ட ஆரம்பித்தான். மாமா அலறினார். நமக்கெல்லாம் அது சத்தம். அவருக்கு அந்த நோய்க்குப் பிறகு தலைக்குள்ளேயே தட்டுவது போல இருக்கிறதாம். டாக்டரும் சிலருக்கு இப்படி ஆகும் என்றார். பஞ்சு வைத்தோம், தலையணையால் மூடினோம். இவள் போய்ப் பட்டறைக்காரனிடம் சண்டைபோட்டாள். "அம்மா, தகரத்தைத் தடவியா குடுக்க முடியும்?" என்று கேட்டான் அவன். அப்போதுதான் உன்னிடம் ஹெட்போன் கேட்டேன். பொய் சொல்லித்தான் கேட்டேன்.

மாட்டிவிட்டதும் இடது கையால் மெத்தையைத் தடவிப் பார்த்தார். தையலின் மேல் விரல் நின்றது.

"அவளா?" என்றார். வார்த்தை சரியாக வருவதில்லை, ஆனால் இது புரிந்தது.

"ஆமா மாமா."

"கழட்டு."

கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பட்டறையில் மறுபடி ஆரம்பித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பிறகு அவரே, "மாட்டு" என்றார். அன்று முதல் கழற்றவே விடவில்லை. பாட்டு எதுவும் வைக்கவில்லை. வெறுமனே மாட்டிக்கொண்டு கிடந்தார். நீ திருப்பிக் கேட்டிருந்த நாள் வந்ததும்தான், தூங்கும்போது எடுத்துத் துடைத்து அனுப்பினேன். விழித்ததும் தலையைத் தடவிப் பார்த்தார்.

அதைத் திருப்பித் தா என்று கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். பட்டறைக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் தட்டுகிறான்.

உன்
தம்பி


பிப்ரவரி 8

தம்பிக்கு,

அவனை மாமா என்று எனக்கு எழுதாதே. எனக்குப் புருஷனாக இல்லாதவன் உனக்கு எப்படி மாமா ஆவான்?

கழட்டு என்றானாம். என்ன ரோஷம்! அந்த ரோஷம் பக்கத்தில் தகரம் தட்டும்வரை தாங்கியது.

உனக்கு விட்டுவிட்டு வரக் கை வரவில்லை. என் வயரை வெட்ட அவனுக்குக் கை வந்தது. அந்தக் கைதான் இழுத்துக்கொண்டது என்று நான் சந்தோஷப்படுவதாக நினைக்காதே. சந்தோஷமும் இல்லை, பாவமும் இல்லை. குமட்டுகிறது, அவ்வளவுதான். அழுகிய பழத்தை மிதித்தவளுக்குப் பழத்தின் மேல் கோபமா வரும்?

நீ பறிகொடுத்தது ஒன்றும் இல்லை. நான் பறிகொடுத்ததைக் கேள். மெத்தையை எரித்துவிட்டேன். தலைப்பட்டையின் உறையைப் பிய்த்து எறிந்தேன். உள்ளே வைத்திருந்த கம்பளித் துணி, அவ்வளவு பாடுபட்டு அளந்து வைத்தது, அதையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். மிஞ்சியது இரும்பு வளைவும் இரண்டு கிண்ணமும் அதற்குள் இருக்கும் ஸ்பீக்கரும்தான். ஸ்பிரிட்டால் துடைத்தேன். வெயிலில் வைத்தேன். புதிதாகக் கம்பளி அளந்து வைத்தேன், புதிதாக மெத்தை தைத்தேன், புதிதாக உறை போட்டேன். முகர்ந்து பார்த்தால் ஸ்பிரிட் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. கடைப் பெண்ணிடம் நீட்டினேன். "புதுச் செருப்பு வாசம் வருதுக்கா" என்றாள். சரி என்று காதில் வைத்தேன். வைத்த உடனே தொண்டைவரை வந்துவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு வாய் கொப்பளித்தேன்.

ஊரில் ஒருத்தி நகை சேர்க்கிறாள், ஒருத்தி பேரப்பிள்ளைகளைச் சேர்க்கிறாள். எனக்கு இருந்தது இது ஒன்று. கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டினால் அந்த நாள் என்னுடையதாக ஆகும். இப்போது அதே நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மேல் வீட்டுக்காரர் கொப்பளிப்பதும் குழாய் சொட்டுவதும் கேட்கிறது. என் பாட்டை அவன் இரண்டாம் தடவையும் நிறுத்திவிட்டான். இந்தத் தடவை கத்தரிக்கோலை நீ எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

ஹெட்போன் வராது. அவன் அந்த அறையில் இருக்கும்வரை நீயும் எனக்கு எழுத வேண்டாம். அவனா, நானா என்று கேட்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது. இந்த வயதில் என்னை அப்படிக் கேட்கவைத்தவன் நீ. ஆனாலும் கேட்டுவிட்டேன். மாற்றிக் கேட்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்து பார்த்தேன். எனக்கு அம்மாவும் நீதான், அக்காவும் நீதான். எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரை அனுப்பவும் இல்லை. நீ திட்டுவதாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத் திட்டு.

உன் ஹெட்போனைக் கேட்க எழுதவில்லை. கடைத்தெருவில் ஒன்று வாங்கினேன். சத்தத்தை ஓரளவு தடுக்கிறது. ஆனால் அதன் மெத்தை விரல் தடிமன்கூட இல்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் காதின் மேலேயே உட்கார்ந்து அழுத்துகிறது. அவர் இடது பக்கமே படுப்பவர். காது மடலின் பின்னால் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. கழற்றினால் சத்தம், மாட்டினால் புண். கழற்றவும் விட மாட்டேன் என்கிறார்.

அதனால் நானே மெத்தை செய்தேன். சோபாவிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டினேன், பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் பையிலிருந்து ரெக்சின் எடுத்தேன். தைக்க வராததால் பாதி தைத்து, பாதி செருப்புக்கு ஒட்டுகிற கோந்தால் ஒட்டினேன். இவள் பார்த்துவிட்டு, "இது மெத்தையா, லாரி ஏறின தவளையா?" என்றாள். மாட்டினேன். மறுநாள் காது இரண்டு மடங்கு வீங்கிவிட்டது.

அதைத்தான் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கழுவியிருக்கிறேன். தப்பு எங்கே என்று மட்டும் சொல். நீ தைக்க வேண்டாம்.

உன்
தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இது பதில் இல்லை. நீ அனுப்பிய அந்தப் பொருளோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதால் திருப்பி அனுப்புகிறேன். வெறும் காகிதத்தைச் சுற்றி அனுப்புவதற்குப் பதில் அதில் நாலு வரி எழுதுகிறேன்.

முப்பது வருஷம் தையல் கடை வைத்திருப்பவளின் தம்பி நீ. லாரி டிரைவரும், பஸ் முதலாளியும், ஒரு தடவை சர்க்கஸ்காரனும்கூட என் தையலைத் தேடி வந்திருக்கிறார்கள். நீ இதைத் தபாலில் வேறு அனுப்புகிறாய். வழியில் யாராவது பிரித்துப் பார்த்திருந்தால் என் பெயர் என்ன ஆகும்? கடைப் பெண் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ரெண்டு காது இருக்கு, ஆனா மனுஷக் காது இல்ல" என்றாள். அவன் எச்சிலைப் பார்த்தபோது வந்த குமட்டலுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

முதலில் கோந்து. தோலில் படுகிற பக்கம் கோந்து வைக்கிறவனை உள்ளே தூக்கிப் போட வேண்டும். உடம்புச் சூட்டில் அது இளகிக் கசிந்து காதைத் தின்னும். வீங்காமல் என்ன செய்யும்? இரண்டாவது, ரெக்சின் மூச்சு விடாது. பையில் புத்தகம் நனையாமல் இருக்க வைத்ததை வியர்க்கிற காதில் வைத்தால் காது அவிந்துதான் போகும். ஸ்பாஞ்சைத் தட்டையாக வெட்டியிருக்கிறாய். மனுஷத் தலை தட்டையாகவா இருக்கிறது? காதுக்குப் பின்னால் பள்ளம். அங்கே தடிமன் கூட வேண்டும், முன்னால் குறைய வேண்டும், சரிவாக வெட்ட வேண்டும். நடுத்துளை காதை விடப் பெரிதாக இருக்க வேண்டும். மெத்தை காதின் மேல் உட்காரக்கூடாது. காதைச் சுற்றி உட்கார வேண்டும். இது புரியாமல் கடையில் விற்கிறவன் எல்லோரும் முட்டாள். நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாய்.

உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைத்து, பிறகு புரட்ட வேண்டும். தோலில் படும் பக்கம் பழைய பனியன் துணியைச் சட்டை மாதிரி தைத்துப் போடு. தினமும் கழற்றித் துவை. எச்சில் ஊறினதை நாள் கணக்கில் காதில் வைத்திருந்தால் புண் எப்படி ஆறும்? என் மெத்தையை அப்படித்தானே வைத்திருந்தீர்கள்.

நீ தைத்த பாதியை முழுதாகப் பிரித்துவிட்டேன். கோந்து ஒட்டியதை வெட்டி எறிந்துவிட்டேன். ஸ்பாஞ்சில் எங்கே சரிவு வர வேண்டும் என்று பேனாவால் கோடு போட்டிருக்கிறேன். அது உனக்காகப் போட்டது இல்லை. அந்த ஸ்பாஞ்சைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் தைக்க மாட்டேன். என் நூல் அவன் மேல் இன்னொரு தரம் படாது. நான் பிப்ரவரியில் எழுதியது அப்படியே இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

காது ஆறிவிட்டது. பனியன் சட்டையை இவள் தினமும் துவைக்கிறாள். "அண்ணி இங்க இல்லாமயே என்னை வேலை வாங்குறாங்க" என்று சொல்லிக்கொண்டே துவைக்கிறாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. எழுதுகிறேன். அவரை நான் அனுப்ப மாட்டேன். எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை, எப்படி அனுப்புவது என்றும் தெரியவில்லை. ஆனால் உன்னை விடவும் மாட்டேன். நீ பதில் போடாவிட்டால் போகிறது. கடிதம் வந்துகொண்டே இருக்கும். நீ என்னைத் தம்பி இல்லை என்று சொன்னாலும் என் தலை அளவு உனக்குத்தான் தெரியும்.

இத்துடன் ஒரு ஜோடி மெத்தை அனுப்பியிருக்கிறேன். இது உன் ஹெட்போனுக்கு. அது இங்கே இருந்தபோது எடுத்து வைத்த அளவு இருந்தது. கைப்பை தைப்பவர் ஒருவரிடம் நல்ல தோலாகப் பார்த்து வாங்கினேன். ஒன்றுக்கு மூன்று தடவை பிரித்துத் தைத்தது. கோந்து இல்லை. யார் காதிலும் வைத்துப் பார்க்கவில்லை, புதுசு. நாங்கள் கெடுத்ததற்கு ஈடு என்று வைத்துக்கொள். என் தையல் முன்னைக்கு இப்போது தேவலாம்.

உன்
தம்பி


மே 4

தம்பிக்கு,

பார்சல் சனிக்கிழமை வந்தது. பிரிப்பதில்லை என்றுதான் இருந்தேன். கடைப் பெண்தான் பிரித்தாள். "ஐயோ அக்கா, இது நீங்க தச்சதுதானே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். தோல் நல்ல தோல். பஞ்சு சரிவாக வெட்டப்பட்டிருந்தது. புரட்டின இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சரி, என்னிடம் இத்தனை திட்டு வாங்கியவனுக்குக் கடைசியில் புத்தி வந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமைகூட வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ஷட்டரை இறக்கிய பிறகு அதை ஹெட்போனில் மாட்டினேன். நானே தைத்த புது மெத்தையை வைத்தபோது வந்த குமட்டல் வரவில்லை. உன் கை பட்டது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டுப் போட்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. மூச்சு இழுப்பது கேட்டது. அதற்கு முன்னால் யாரோ நாற்காலியை மெல்ல நகர்த்துகிறார்கள். இத்தனை வருஷத்தில் அது எனக்குக் கேட்டதே இல்லை. முழுப் பாட்டும் கேட்டேன். இன்னொன்றும் கேட்டேன்.

கழற்றி மடியில் வைத்து, தையலை விரலால் தடவினேன்.

தையல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வலது கையால் தைக்கிறவனுக்கு அப்படிச் சாயாது. சரி, உனக்குப் பழக்கம் இல்லை, திருப்பிப் பிடித்துத் தைத்திருப்பாய் என்று விட்டிருப்பேன். ஆனால் நூல் முனை. முடிகிற இடத்தில் நூலைச் சுட்டு, இளகி நிற்கும்போதே நகத்தால் அழுத்தியிருந்தது. நகத்தின் தடம் பிறை மாதிரி பதிந்திருந்தது. நீ ஆறு வயதிலிருந்து நகம் கடிக்கிறவன். பதிய உனக்கு நகம் எங்கே? மெஷின் பழுதாகிற நாட்களில் எங்கள் கடையில் கையால் தைப்பது ஒரே ஆள். மற்ற நாளெல்லாம் வெட்டுவது அவன், தைப்பது நான். முடிச்சுப் போட்டால் சீட்டில் உட்காருகிறவனுக்கு உறுத்தும், சுட்டு அழுத்தினால் உறுத்தாது என்று அவன்தான் செய்வான்.

அவன் தைத்ததை நான் காதில் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கிறேன். பாட்டு நன்றாகக் கேட்டது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் குமட்டுகிறது. காதைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கழுவி என்ன, கேட்டது கேட்டதுதானே?

ஒத்தைக் கையால், அதுவும் பழகாத கையால், அந்தத் தோலை அவன் எதில் அழுத்திப் பிடித்துத் தைத்தான்? தொடைக்கும் கட்டிலுக்கும் நடுவிலா? பல்லிலா? பல்லில் என்றால் எனக்கு எழுதாதே, நான் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

நீ பொய் சொன்னாய். என் தையல் தேவலாம் என்று எழுதினாய். மன்னிக்க மாட்டேன். ஆனால் பிப்ரவரியில் நான் கேட்டதற்கு இதை எழுதுகிறேன். அவன் அந்த அறையிலேயே கிடக்கட்டும். நான் கேட்டதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை, நானும் இனிமேல் கேட்கப்போவதில்லை. மாதாமாதம் எழுது. அவனைப் பற்றி எழுதாதே. உன் பெண்டாட்டிக்குச் சொல், பனியன் துணியை வெந்நீரில் போட்டால்தான் பிசுக்குப் போகும்.

அவன் தைத்ததை என் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன். ஈடு என்கிறாய். எதற்கு ஈடு? ஒரு ஜோடி மெத்தைக்கு ஒரு ஜோடி மெத்தை சரி. மற்றதற்கு அவனிடம் தோல் போதாது. ஆகையால் இரண்டையும் பிரித்துவிட்டேன். தோல் நல்ல தோல், குப்பையில் போட மனமில்லை. நீ வாங்கிய அந்தக் கடைத்தெரு ஹெட்போனின் அளவுக்கு அதை வெட்டி, பஞ்சையும் வெட்டி, இத்துடன் வைத்திருக்கிறேன். தைக்க மாட்டேன் என்றேன், தைக்கவில்லை. அவன் காதுக்கு வேண்டுமென்றால் அவனே தைத்துக்கொள்ளட்டும். என் ஹெட்போனுக்கு நான் தைத்துக்கொள்வேன்.

அவன் ஏதாவது கேட்டால், அக்காவுக்குப் பிடிக்கவில்லை, பிரித்துவிட்டாள் என்று சொல். அதற்கு மேலும் கேட்டால், பிரிக்க வெகுநேரம் பிடித்தது என்று சொல்.

அக்கா